உள்ளூர் மாடு விலை போகாதா?



நம் விளையாட்டு அறையின் வெளிச்சுவரில் மூன்று கால்பந்து வீரர்களின் படம் வரையப் போகிறார்கள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். யார் படம் வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சீட்டு எழுதி வாங்குகிறார்கள். மெஸ்ஸிக்கும் ரொனால்டோவுக்கும் சீட்டு குவிகிறது. மூன்றாவது இடத்துக்கு நெய்மருக்கும் எம்பாப்பேவுக்கும் கடும் போட்டி! எங்கள் வகுப்பில் ஒரே ஒரு சீட்டில் மட்டும் ‘சுனில் சேத்ரி’ என்று இருந்தது. அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. “யாருடா அது, நேபாளமா?” என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல் வேறு!

அந்தச் சீட்டை எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா? சுவரில் அடித்த வெள்ளை காய்வதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கணக்கு

சுனில் சேத்ரி 1984-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா நம் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். 2005 ஜூன் மாதம் பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவில் இந்தியாவுக்காக முதல் மேட்ச் ஆடினார். அந்த மேட்சிலேயே ஒரு கோல்! அதன்பிறகு 19 வருடம் ஆடி, 2024 ஜூன் 6 அன்று குவைத்துக்கு எதிராக விடைபெற்றபோது அவர் கணக்கில் 94 கோல் இருந்தது. 2025 மார்ச்சில் மறுபடியும் அழைத்தார்கள். 40 வயதில் வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95-வது கோலையும் போட்டார்.

95 என்றால் எவ்வளவு என்று தெரியுமா? அவர் 2024-ல் விடைபெற்ற அன்று, தன் நாட்டுக்காக அவரைவிட அதிக கோல் போட்ட ஆண்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான். ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரான் நாட்டு அலி தாயி. நாலாவது நம்ம ஆள்! 2021 ஜூனில் வங்கதேசத்துக்கு எதிராக 2 கோல் போட்டு 74-க்கு வந்தார். அப்போது மெஸ்ஸி 72-ல் இருந்தார். அதாவது அந்தச் சமயத்தில் மெஸ்ஸியையே தாண்டி நின்றவர், நம் வகுப்பில் பேர் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நேர்மையாகப் பேசுவோம்

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். “அவர் போட்ட கோல் எல்லாம் நேபாளம், மாலத்தீவு, வங்கதேசம் மாதிரி டீமோடதானே? பிரேசில்கூடவா ஆடினார்?”

நியாயமான கேள்விதான். இதை மழுப்பக் கூடாது. சேத்ரி கோல் போட்டதில் பெரும்பகுதி சின்ன அணிகளுக்கு எதிராகத்தான். ஆனாலும் 2008-ல் டெல்லியில் நடந்த ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அந்த வெற்றியால்தான் 1984-க்குப் பிறகு முதல் முறையாக 2011 ஆசியக் கோப்பைக்கு இந்தியா போனது. அங்கே தென்கொரியாவுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். இருந்தாலும் ஆட்டத் திறமையில் மெஸ்ஸியும் சேத்ரியும் சமம் என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவும் முடியாது. சேத்ரியே பலமுறை, “என்னை அவர்களோடு ஒப்பிடாதீர்கள், நானும் அவர்களுக்கு ரசிகன்தான்” என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே என் கேள்வி யார் பெரிய ஆட்டக்காரர் என்பதில்லை. ஆட்டத்தில் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு, புகழில் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு? மெஸ்ஸி நூறு படி மேலே இருக்கலாம். ஆனால் நம் நாட்டுக்காக 19 வருடம் ஓடிய ஒருவர் பெயரே தெரியாமல் இருப்பது நூறு படி வித்தியாசம் இல்லை. அது மலையின் உச்சிக்கும் சேலத்துக்கும் உள்ள வித்தியாசம்!

பழமொழி சொல்வது சரியா?

எங்கள் பாட்டியிடம் இதைச் சொன்னால் “உள்ளூர் மாடு விலை போகாது கண்ணு” என்று ஒரே வரியில் முடித்துவிடும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுத்து, லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ பிடிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் இந்த வருடம் பகோடா பாயிண்ட் பக்கம் போனோம்? பக்கத்தில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

ஆனால் இந்தப் பழமொழி எப்போதும் பலிப்பதில்லை. நம் சேலம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய கிரிக்கெட் அணிக்கு முதலில் ஆடினார். அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட்டு வண்டியில் உட்கார வைத்து ஊர்வலம் விட்டார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, நம் மாவட்டமே பட்டாசு வெடித்தது. இரண்டு பேருமே உள்ளூர் ஆட்கள்தான். விலை போனார்களே!

அப்படியானால் உள்ளூர் என்பது காரணம் இல்லை. நடராஜன் பந்து போட்டதை டிவியில் எல்லாரும் பார்த்தார்கள். மாரியப்பன் தாண்டியதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மக்கள் பார்த்தார்கள், அதனால் கொண்டாடினார்கள். மெஸ்ஸியை நாம் ராத்திரி முழித்திருந்து பார்க்கிறோம். சேத்ரி ஆடும்போது யாராவது முழித்திருந்தோமா? அதுவும் நம் சேத்ரி ஆடியது சாயங்கால நேரத்தில். முழிக்கக்கூட வேண்டியதில்லை!

புகழ் என்பது ஆட்டக்காரன் தானாகச் சம்பாதிப்பது என்று நினைக்கிறோம். பாதிதான் அப்படி. மீதிப் பாதியைப் பார்க்கிற கண்கள்தான் கொடுக்கின்றன.

மூன்றே நாளில் நடந்தது

இதற்குச் சாட்சி இருக்கிறது. 2018 ஜூன் 1. மும்பையில் இந்தியாவுக்கும் சீன தைபேக்கும் மேட்ச். இந்தியா 5-0 என்று ஜெயித்தது. அதில் சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மும்பை மாதிரி ஊரில்! நம் கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் அதைவிட அதிகம் இருக்கும்.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். கோபப்படவில்லை. எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். விராட் கோலி அதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் போய்ப் பாருங்கள் என்று தன் ரசிகர்களிடம் சொன்னார். ஜூன் 4-ஆம் தேதி அதே மைதானத்தில் கென்யாவுடன் மேட்ச். அது சேத்ரிக்கு 100-வது ஆட்டம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. கொட்டுகிற மழையில் கூட்டம் நின்று கத்தியது. இந்தியா 3-0. சேத்ரிக்கு 2 கோல்.

சிந்தித்துப் பாருங்கள் நண்பர்களே! அதே டீம், அதே மைதானம், அதே ஆட்டக்காரர். இடையில் மூன்று நாள்தான். அந்த மூன்று நாளில் சேத்ரியின் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. “வந்து பாருங்க” என்று ஒருவர் கேட்டார், ஜனங்கள் வந்தார்கள். அவ்வளவுதான். 2024-ல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அவர் விடைபெற்றபோது கூட்டம் 60,000-ஐ நெருங்கியது.

அதே சால்ட் லேக் மைதானத்துக்கு 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி வந்தார். ஆடவில்லை, வந்து கையசைத்துவிட்டுப் போனார். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் கூட்டத்தில், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கோபத்தில் நாற்காலி, பாட்டில் எல்லாம் பறந்தன. ஆடாத மெஸ்ஸிக்கு அவ்வளவு அடிதடி! மறுநாள் மும்பை வாங்கடே மைதானத்தில் மெஸ்ஸியும் சேத்ரியும் சந்தித்தார்கள். மெஸ்ஸி தன் கையெழுத்துப் போட்ட ஜெர்சியைச் சேத்ரிக்குக் கொடுத்தார். மெஸ்ஸிக்கே சேத்ரி பக்கத்தில் நிற்பதில் கஷ்டம் இல்லை. நம் சுவருக்கு மட்டும் என்ன கஷ்டம்?

சேத்ரிக்காவது இவ்வளவு

சேத்ரி நிலைமை பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2021-ல் கேல் ரத்னா விருது வாங்கிய முதல் கால்பந்து வீரர் அவர். அவரைப் பற்றி ஃபிஃபாவே 2022-ல் மூன்று பகுதியாகப் படம் எடுத்து வெளியிட்டது. மற்றவர்கள் கதையைக் கேளுங்கள்.

‘விஜயன்’ என்றால் யார் ஞாபகம் வருகிறது? கால்பந்தில் இரண்டு விஜயன் இருக்கிறார்கள். ஒருவர் கேரளத்து ஐ.எம். விஜயன். சின்ன வயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்று, பிறகு இந்திய அணிக்கே கேப்டன் ஆனவர். 2025-ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் நம்மில் பலருக்கு அவர் ‘திமிரு’ படத்து வில்லன்! இன்னொருவர் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன். 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் போட்டவர். அவர் சினிமாவில் நடிக்கவில்லை. அதனால் அவரை நமக்குத் தெரியவே தெரியாது.

சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நாலு வருடத்துக்கும் மேலாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் இருந்த டீம் அது. கொல்கத்தாவில் அன்று ராத்திரி அவர் பேரைச் சொல்லி ஆடினார்கள். தமிழ்நாட்டில் அவர் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்களா?

நம் காப்பிக்கொட்டை மாதிரிதான். இங்கே விளையும், மணம் எல்லாம் வேறு ஊரில்!

விசில் அடித்தது யாருக்கு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்களே, மாணவிகளே, இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

2019 தீபாவளிக்கு ‘பிகில்’ படம் வந்தது. பெண்கள் கால்பந்து அணி கோப்பை வாங்குகிற கதை. தியேட்டரில் விசில் காது கிழிந்தது. நாமும் டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! சரி. அதே 2019-ல், படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், மே மாதம், லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கியது சேது எஃப்.சி. எந்த ஊர் டீம் தெரியுமா? நம் மதுரை!

அதற்கு முந்தைய வருடம், 2018-ல், தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்தார்கள். மணிப்பூர் என்றால் அந்தக் கோப்பையைச் சொந்த வீட்டு அலமாரியில் வைத்திருந்த மாதிரி வருடா வருடம் வாங்கிக்கொண்டிருந்த மாநிலம். படத்தில் நடந்தது நிஜத்திலும் நடந்தது. விசில்தான் இல்லை!

அந்தப் பெண்களில் ஒருவர் கடலூர் இந்துமதி கதிரேசன். 2019-ல் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்காக 2 கோல் போட்டவர். ஆட்டத் திறமையால் தமிழ்நாடு போலீசில் எஸ்.ஐ. ஆனவர். 2020 ஊரடங்கில் நாம் எல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, அவர் சென்னையில் யூனிஃபார்ம் போட்டு ரோட்டில் நின்று வேலை பார்த்தார். கோல், வேலை, சேவை எல்லாம் ஒரே ஆளிடம்! சேத்ரி பேரைச் சொன்னதற்குச் சிரித்தார்கள். இந்துமதி பேரைச் சொன்னால் சிரிக்கக்கூட மாட்டார்கள். “யாரு, எந்த செக்‌ஷன்?” என்று கேட்பார்கள்.

ஒரு பெயர் போதும்

“புகழ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆடினால் போதாதா?” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில் இதுதான்.

நம் பள்ளி டீமில் ஆடுகிற பெண்களில் பலர் மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடை பக்கத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள். நாலரைக்குப் பயிற்சி ஆரம்பித்தால், பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கு ஓட வேண்டும். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் காப்பித் தோட்டத்துக்குள் உருண்டு போய்விடும். அதைத் தேடி எடுப்பதிலேயே பத்து நிமிஷம் போகும். பனி இறங்கினால் கோல் போஸ்ட்டே தெரியாது. இதெல்லாம் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. பழகிப்போச்சு.

கஷ்டம் வீட்டில்தான். “ஏம்மா, பந்து உதைச்சு என்னம்மா பண்ணப் போற?” இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. பையன் கிரிக்கெட் மட்டையோடு போனால் அப்பா திட்டினாலும், “நடராஜன் இல்லையா?” என்று பையன் ஒரு வார்த்தை சொல்வான். அப்பா முறைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஏனென்றால் நடராஜனை அப்பாவுக்கும் தெரியும். “மெஸ்ஸி இல்லையா?” என்று சொல்லிப் பாருங்கள். “அவன் அர்ஜென்டினாக்காரன், நீ ஏற்காட்டுக்காரி” என்று ஒரே போடு! ஆனால் “கடலூர் இந்துமதி இல்லையா? ஃபுட்பால் ஆடித்தானே எஸ்.ஐ. ஆனாங்க?” என்று சொல்ல முடிந்தால்? அப்பா இரண்டு நிமிஷமாவது யோசிப்பார். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு பெண் இன்னும் ஒரு வருடம் ஆடுவாள்.

புகழ் என்பது ஆட்டக்காரருக்குக் கிடைக்கிற பூமாலை மட்டும் இல்லை. பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அது ஒரு பதில். அந்தப் பதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிகிற பாஷையில், அவர்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெயரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் சுவரில் யார் படம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என் கோரிக்கை

மெஸ்ஸியை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் இருக்கட்டும். 2022 உலகக் கோப்பை வாங்கியவர், அவரைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டவர்கள் நம் மைதானத்திலேயே இருக்கிறார்கள். அவருக்கு ஒரு இடம். இரண்டாவது இடம் 11-ஆம் நம்பர் ஜெர்சியோடு சுனில் சேத்ரிக்கு. மூன்றாவது இடம் இந்துமதிக்கு. படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் தமிழில் பெரிய எழுத்தில் வேண்டும். ‘கடலூர்’ என்று எழுதியிருந்தால் போதும், மீதியைப் படிக்கிறவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது கோரிக்கை பி.இ.டி. சாரிடம். திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்கும்போது, கிரிக்கெட் ஸ்கோரோடு நம் பள்ளி டீம்களின் ரிசல்ட்டையும், கோல் போட்டவர் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள் சார். தோற்றாலும் வாசியுங்கள்.

மூன்றாவது கோரிக்கை உங்கள் எல்லாரிடமும். சீட்டுப் பெட்டி வியாழக்கிழமை வரை அலுவலக அறை வாசலில் இருக்கும். யோசித்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாணவிகளுக்கான கால்பந்து இறுதி ஆட்டம், சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும். நான் நீல அணியில் லெஃப்ட் பேக். போன வருடம் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வாட்ச்மேன் தாத்தாவும் இரண்டு ஆடும்தான். இந்த வருடம் கொஞ்சம் கூட்டம் வேண்டும்.

மும்பைக்காரர்களால் மூன்று நாளில் முடிந்தது. நமக்கு மைதானம் பின்கட்டுப் படிக்கட்டில் இறங்கினால் வந்துவிடுகிறது. வாங்க. கை தட்டுங்க. நாங்க தப்பா ஆடினா திட்டுங்க, பரவாயில்லை. ஆனா வந்து பார்த்துட்டுத் திட்டுங்க!

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி